அத்தை, சித்தி, மாமா, சித்தப்பா கவனத்துக்கு... வீட்டுக் குட்டிப் பெண்களுக்கு என்ன கிறிஸ்துமஸ் கிஃப்ட் வாங்கலாம்?

டிசம்பர் பிறந்தாச்சு. வாசலில் ஸ்டார் தொங்க ஆரம்பிச்சாச்சு. கேரல் ரவுண்ட்ஸுக்கு லிஸ்ட் ரெடி. ஊருக்குப் போக டிக்கெட்டும் எடுத்தாச்சு. ஒரே ஒரு விஷயம்தான் பாக்கி. வீடியோ காலில் அண்ணன் மகள் கேட்ட அந்தக் கேள்வி: ‘‘அத்தை, கிறிஸ்துமஸுக்கு எனக்கு என்ன வாங்கிட்டு வருவீங்க?’’

உடனே நாம் செய்வது ஒன்றுதான். மொபைலை எடுத்து, ‘பெண் குழந்தைகளுக்கான கிஃப்ட்’ என்று தேடுவோம். திரை முழுக்க பிங்க் நிறம் கொட்டும். பொம்மை, கிச்சன் செட், மேக்கப் பெட்டி, ஜிகினா வைத்த ஃபிராக். ரேட்டிங் அதிகமா இருக்கிற ஒண்ணைத் தட்டி விட்டால் வேலை முடிந்தது என்று நினைப்போம்.

நானும் அப்படித்தான் நினைச்சேன். ஒரு கிறிஸ்துமஸுக்கு, 8 வயசு அண்ணன் மகளுக்கு ‘7-8 வயது’ என்று லேபிள் ஒட்டிய பச்சை ஃபிராக் வாங்கிட்டுப் போனேன். வீடு நிறைய சொந்தக்காரங்க. எல்லார் முன்னாடியும் போட்டுப் பார்க்கச் சொன்னேன். அது தோளைத் தாண்டி இறங்கவே இல்லை. யாரோ சிரிச்சாங்க. ‘‘அத்தை, நான் ரொம்ப குண்டா இருக்கேனா?’’ என்று அவள் கேட்டாள். அந்த வருஷம் பழைய சுடிதாரைப் போட்டுக்கிட்டுத்தான் நள்ளிரவு ஆராதனைக்கு வந்தாள். அண்ணியிடம் ஒரு போன் போட்டு அளவு கேட்டிருந்தால் அது நடந்திருக்காது.

குழந்தைகள் கிஃப்ட்டின் விலையைப் பார்ப்பதில்லை. ஆனால், ‘இவங்களுக்கு என்னைத் தெரியுமா?’ என்று பார்ப்பார்கள். போன வருஷம் அவளுக்குப் பிடிச்சது இந்த வருஷம் பிடிக்காமல் போயிருக்கலாம். வெளியூரில் வேலை பார்க்கிற நமக்கு அது தெரியாது. அதைத் தெரிந்துகொண்டு வாங்குவதுதான் ஸ்பெஷல் கிஃப்ட். அதற்கு என்னென்ன பார்க்கணும், எந்த வயசுக்கு எது சரி, எதைத் தொடவே கூடாது? வாங்க, பார்க்கலாம்.

கிறிஸ்துமஸ் தாத்தாவின் கதையே இதுதான்

கிறிஸ்துமஸ் தாத்தா உருவத்துக்கு மூலமானவர் புனித நிக்கோலஸ். இன்றைய துருக்கியில் இருக்கும் மைரா என்ற ஊரில் 4-ம் நூற்றாண்டில் பிஷப்பாக இருந்தவர். அவரது திருநாள் டிசம்பர் 6. அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளில் ரொம்பப் பிரபலமானது, மூன்று பெண்களின் கதை.

ஓர் ஏழை அப்பா. அவருக்கு மூன்று மகள்கள். வரதட்சணை கொடுக்க வழியில்லாததால் அவர்களின் வாழ்க்கையே கேள்விக்குறியாகி நிற்கிறது. விஷயம் தெரிந்த நிக்கோலஸ், ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் அந்த வீட்டு ஜன்னல் வழியாகப் பொற்காசு முடிப்பைப் போட்டுவிட்டுப் போகிறார். ஒரு பெண்ணுக்கு ஒன்று என மூன்று முடிப்பு.

கதைதான். ஆனால், கிஃப்ட் வாங்குற நமக்கு இதில் மூணு பாடம் இருக்கு. ஒண்ணு, அந்த வீட்டுக்கு அப்போ எது தேவையோ அதைத்தான் கொடுத்தார். ரெண்டு, மூன்று பெண்களில் யாரையும் விட்டுவிடவில்லை. மூணு, அந்த அப்பா கூனிக்குறுகி நிற்கும்படி கொடுக்கவில்லை. இந்த மூணையும் மனசில் வெச்சுக்கோங்க. கடைசி வரைக்கும் உதவும்.

வாங்குறதுக்கு முன்னாடி 4 கேள்விகள்

1. அவள் இப்போ என்ன செய்றா? ‘உனக்கு என்ன வேணும்?’ என்று நேரடியாகக் கேட்டால், கடைசியாகப் பார்த்த விளம்பரத்தைச் சொல்வாள். அதற்குப் பதிலாக, ‘ஸ்கூல் விட்டு வந்ததும் என்ன பண்ணுவே?’, ‘உன் ஃப்ரெண்ட் கிட்ட இருக்கிறதுல உனக்குப் பிடிச்சது எது?’ என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். பூனைக்குட்டி, பேட்மின்டன், நிலா, கோலம் என்று ஏதோ ஒன்று வந்து விழும். அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

2. வீட்டில் ஏற்கெனவே என்ன இருக்கு? இதை அவள் அம்மாவிடமோ அப்பாவிடமோதான் கேட்கணும். மூணாவது டாக்டர் செட்டும் அஞ்சாவது டெடி பியரும் பரண் மேலேதான் போகும்.

3. வீட்டில் எது வேண்டாம்னு நினைக்கிறாங்க? அலர்ஜி, சத்தம் போடும் பொம்மை, செல்லப்பிராணி, டேப்லெட் என ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ‘நோ’ லிஸ்ட் இருக்கும். நாம் இரண்டு நாள் இருந்துட்டு பஸ் ஏறிடுவோம். அதுக்கப்புறம் அதை வெச்சுச் சமாளிக்கப் போறது அவங்கதான்.

4. எத்தனை குழந்தைகள்? அக்கா மகள்கள் இரண்டு பேர், அண்ணன் மகள் ஒருத்தி, நடுவில் ஒரு பையன் என்றால், முதலில் மொத்த பட்ஜெட்டை முடிவு பண்ணுங்க. அதன் பிறகு பங்கு பிரியுங்க. முதல் குழந்தைக்கு ஆசை ஆசையாக வாங்கிவிட்டு, கடைசிக் குழந்தைக்கு ஸ்டேஷன் வாசலில் பலூன் வாங்குவது நம்ம ஊரில் அடிக்கடி நடக்கிறது!

பிறந்தது முதல் 3 வயது வரை: எல்லாமே வாய்க்குத்தான் போகும்

இந்த வயசில் அழகைவிடப் பாதுகாப்புதான் முக்கியம். மூணு வயசுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு சிலிண்டரைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுசாக நுழைகிற எந்தப் பாகமும் தொண்டையில் சிக்கலாம். நம்ம 10 ரூபாய் நாணயத்தின் அகலம் 27 மில்லிமீட்டர். அதைவிடக் கொஞ்சம் பெரிசாக இருந்தாலும் ஆபத்துதான் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பொம்மையின் கண், சட்டைப் பொத்தான், வண்டிச் சக்கரம் எல்லாவற்றையும் இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் வேண்டாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து, பாட்டுப் பாடும் பொம்மைகளிலும் மினுக்கும் ஸ்டார்களிலும் இருக்கிற பட்டன் பேட்டரி. விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைக் கடுமையாகப் புண்ணாக்கிவிடும். பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியதாக இருக்கணும். விரலால் தள்ளினாலே திறக்கும் மூடி என்றால் வாங்கவே வாங்காதீங்க. விழுங்கிவிட்டாள் என்று சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

சரி, எதை வாங்கலாம்?

நடைவண்டி: நம்ம தாத்தா பாட்டி காலத்து மூன்று சக்கர மர நடைவண்டி. குழந்தை பின்னால் நின்று பிடித்துத் தள்ளிக்கொண்டே நடக்கும். குழந்தையை உள்ளே உட்கார வைக்கிற பிளாஸ்டிக் வாக்கரோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். படியில் உருண்டு விழும் விபத்துகள் காரணமாக அந்த வகை வாக்கரை கனடா 2004-லேயே தடை செய்துவிட்டது. நடைவண்டி என்றாலும் பெரியவர்கள் யாராவது பக்கத்தில் இருக்கணும்.

சன்னபட்னா மர பொம்மை: கர்நாடகாவில் பெங்களூரு - மைசூரு சாலையில் இருக்கிற ஊர் சன்னபட்னா. வெட்பாலை மரத்தைக் கடைந்து, அரக்குச் சாயம் ஏற்றிச் செய்வார்கள். கிலுகிலுப்பை, வளைய அடுக்கு, இழுத்துக்கொண்டு போகும் வண்டி எல்லாம் இதில் கிடைக்கும். பெங்களூரில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது ரொம்ப ஈஸி.

துணிப் புத்தகம், தடித்த அட்டைப் புத்தகம்: கடிக்கலாம், இழுக்கலாம், கிழியாது.

இந்த வயசுக்கு டேப்லெட் மட்டும் வேண்டாம். இரண்டு வயசு வரைக்கும் ஸ்கிரீன் வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயசு வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது.

4 முதல் 6 வயது வரை: ‘நான்தான் டீச்சர், நீங்க ஸ்டூடன்ட்!’

நடிப்பு விளையாட்டின் பொற்காலம் இது. டீச்சர், டாக்டர், பஸ் கண்டக்டர், பாஸ்டர் என்று ஒரே நாளில் நாலு வேஷம் போடுவாள்.

அம்பாசமுத்திரம் மரச்செப்பு: அடுப்பு, ஆட்டுக்கல், குடம், சட்டி, கரண்டி எல்லாம் உள்ளங்கை சைஸில். திருநெல்வேலி பக்கம் சொந்தம் இருந்தால் சொல்லி வையுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். செப்புச் சாமான் பெண் பிள்ளைக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். அதே வீட்டில் தம்பி இருந்தால் ‘ரெண்டு பேருக்கும்’ என்று சொல்லிக் கொடுங்கள். அவனும் சாம்பார் வைக்கட்டும்.

தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை: எந்தப் பக்கம் தள்ளினாலும் எழுந்து நிற்கும். அடியில் எடை இருப்பதுதான் ரகசியம். ‘ஏன் விழ மாட்டேங்குது?’ என்று அவள் கேட்டால், அறிவியல் பாடம் அங்கேயே தொடங்கிவிடும். காகிதக்கூழாலும் மண்ணாலும் செய்கிற பொம்மை என்பதால் தூக்கிப் போட்டு விளையாட ஏற்றதல்ல.

கதைப் புத்தகம்: சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழிப் படப் புத்தகங்களைக் கொண்டு வருகிறது. பாரதி புத்தகாலயத்தின் ‘புக்ஸ் ஃபார் சில்ரன்’ நூல்கள் கைக்கு அடக்கமான விலையில் கிடைக்கும். வெளிநாட்டிலோ வெளி மாநிலத்திலோ வளர்கிற அக்கா மகளுக்குத் தமிழ் படிக்கத் திணறலாக இருந்தால், இருமொழிப் புத்தகம் கைகொடுக்கும். அதோடு, அந்தக் கதையை உங்கள் குரலில் படித்து ரெக்கார்ட் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். நீங்கள் ஊரில் இல்லாத ராத்திரிகளிலும் மாமாவோ சித்தியோ கதை சொல்வார்கள்.

தவிர்க்க வேண்டியவை இரண்டு. தண்ணீரில் போட்டால் ஊதிப் பெரிதாகும் ஜெல்லி மணிகள் முதலாவது. விழுங்கினால் வயிற்றுக்குள்ளும் ஊதும், குடலை அடைக்கும். இரண்டாவது, குட்டிக் குட்டி காந்த உருண்டைகள். இரண்டை விழுங்கினால் குடலின் இரண்டு பக்கமிருந்தும் ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும்.

7 முதல் 9 வயது வரை: ‘அது எப்படி வேலை செய்யுது?’

இந்த வயசில்தான் நம்மை அறியாமலே ஒரு தப்பு செய்வோம். அண்ணன் மகனுக்கு கிரிக்கெட் பேட், சயின்ஸ் கிட். அண்ணன் மகளுக்கு வளையல் செட். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் பிரிப்பார்கள். அவள் ஒண்ணும் சொல்லமாட்டாள். ஆனால், பார்த்துக்கொண்டுதான் இருப்பாள். வளையல் பிடிக்கும் என்றால் தாராளமாக வளையலே கொடுங்கள். அவளைக் கேட்காமலே ‘பொண்ணுதானே, இது போதும்’ என்று வாங்காதீர்கள்.

செஸ் போர்டு: சென்னையின் வைஷாலி, இந்தியாவின் மூன்றாவது பெண் கிராண்ட் மாஸ்டர். டி.வி-யில் கார்ட்டூன் பார்ப்பதைக் குறைக்கத்தான் சின்ன வயசில் அவரைச் செஸ் பக்கம் திருப்பினார்கள் வீட்டில். அக்காவைப் பார்த்து ஆட வந்த தம்பிதான் பிரக்ஞானந்தா. உலகிலேயே கிராண்ட் மாஸ்டர் பட்டம் வாங்கிய முதல் அக்கா - தம்பி ஜோடி இவர்கள்தான். போர்டு கொடுக்கும்போது இந்தக் கதையையும் சொல்லுங்கள். கிறிஸ்துமஸ் மதியம் பிரியாணி சாப்பிட்டதும் முதல் ஆட்டத்தை நீங்களே ஆடுங்கள்.

ஃபோல்ட்ஸ்கோப்: காகிதத்தை மடித்துச் செய்யும் மைக்ரோஸ்கோப். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மனு பிரகாஷ் குழு உருவாக்கியது. சுமார் 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். வெங்காயத் தோல், எறும்புக் கால், குளத்துத் தண்ணீர் என்று லீவு முழுக்க வேலை இருக்கும்.

கேரம் போர்டு, ஸ்கிப்பிங் கயிறு, பேட்மின்டன் ராக்கெட்: தனியாக ஆட முடியாதவை கூடுதல் நல்லது. வீட்டில் இருக்கிற பெரியவர்களையும் மொபைலில் இருந்து பிடுங்கிவிடும்.

சைக்கிள்: பட்ஜெட் இருந்தால் இதைவிடப் பெரிய சந்தோஷம் இல்லை. வயசைப் பார்த்து வாங்காமல் உயரத்தைப் பாருங்கள். சீட்டுக்கு முன்னால் சைக்கிளின் இரு பக்கமும் கால் போட்டு நின்றால், இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதியணும். ‘அடுத்த வருஷமும் ஓட்டட்டும்’ என்று பெரிய சைஸ் வாங்கினால், பயந்துபோய் இந்த வருஷமும் ஓட்டமாட்டாள். ஹெல்மெட்டையும் சேர்த்தே வாங்கிடுங்க.

10 முதல் 12 வயது வரை: ‘நான் இன்னும் குழந்தை இல்ல சித்தி!’

உடம்பும் மனசும் வேகமாக மாறுகிற வயசு. பொம்மை கொடுத்தால் கோபம் வரும். பெரியவர்கள் பொருளைக் கொடுத்தால் அம்மாவுக்குக் கோபம் வரும். நடுவில் நிற்கணும்.

அவளுக்கே அவளுக்கான பொருள்: நல்ல டைரி, ஸ்கெட்ச் புக், தரமான கலர் பென்சில், கைக்கடிகாரம், சின்ன டேபிள் லேம்ப். தங்கச்சியோடு ஒரே அறையைப் பங்குபோடுகிற பெண்ணுக்குப் பூட்டு போட்ட ஒரு சின்ன மரப் பெட்டி கூட பொக்கிஷம்தான். டைரி கொடுத்தால் ஒரு ரூல். யாரும் அதைத் திறந்து படிக்கக் கூடாது, நீங்களும்தான்.

புத்தகம்: ஜப்பானியச் சிறுமியின் பள்ளிக்கூடக் கதையான ‘டோட்டோ சான்’ தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாகவும், ‘குட்டி இளவரசன்’ க்ரியா வெளியீடாகவும் வந்திருக்கின்றன. இரண்டையும் நீங்களும் ஒருமுறை படித்துவிட்டுக் கொடுங்கள். பேச விஷயம் கிடைக்கும்.

கற்றுக்கொள்ளும் வாய்ப்பு: நீச்சல், கீ-போர்டு, சிலம்பம், டிராயிங் என அவள் கேட்டுக்கொண்டே இருக்கிற வகுப்புக்கு மூணு மாத ஃபீஸ். சர்ச் கொயரில் பாடுகிறவள் என்றால், இசை வகுப்பைவிடப் பெரிய கிஃப்ட் இருக்காது.

தவிர்க்க வேண்டியவை: சிவப்பழகு க்ரீம், எடைக் குறைப்பு சம்பந்தப்பட்ட எதுவும், ‘நீ கறுப்பா இருக்கே, இந்தக் கலர்தான் எடுக்கும்’ என்ற டயலாக்கோடு வருகிற டிரெஸ். அந்த டயலாக், டிரெஸ் கிழிந்த பிறகும் அவளுக்கு மறக்காது.

ஸ்மார்ட்போன் வேண்டுமென்று கேட்டால்? ‘மாமா வாங்கித் தர்றேன்’ என்று வாக்குக் கொடுத்துடாதீங்க. அது அவள் அப்பா அம்மா எடுக்க வேண்டிய முடிவு. இன்ஸ்டாகிராம் கணக்குத் தொடங்கவே குறைந்தது 13 வயசாகணும்.

டிரெஸ் வாங்குவதென்றால்...

கிறிஸ்துமஸுக்குப் புது டிரெஸ் இல்லாமல் எப்படி? வாங்குங்க, ஆனால் என் பச்சை ஃபிராக்கை ஞாபகம் வெச்சுக்கோங்க.

லேபிளில் இருக்கும் வயசை நம்ப வேண்டாம். கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். இப்போது அவளுக்குச் சரியாக இருக்கிற ஒரு டிரெஸ்ஸைத் தரையில் விரித்து, தோள், மார்பு, நீளம் மூன்றையும் டேப் வைத்து அளந்து போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். பாவாடை சட்டை தைப்பதென்றால், உள்ளே மடித்து டக் பிடித்துத் தைக்கச் சொன்னால், வளர வளரப் பிரித்துவிட்டு இரண்டு வருஷம் போடலாம். டிசம்பர் இரண்டாவது வாரத்துக்குப் பிறகு டெய்லர்கள் புது ஆர்டரை எடுக்கத் தயங்குவார்கள். துணியை முன்கூட்டியே அனுப்பிடுங்க. மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிற கடையா என்று பார்த்து, பில்லை அண்ணியிடம் தனியாகக் கொடுங்கள். முக்கியமாக, கூட்டத்தின் நடுவில் போட்டுப் பார்க்கச் சொல்லாதீர்கள்.

தோடா, சேமிப்பா?

முதல் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிற குழந்தைக்குத் தாய்மாமா தங்கம் போடணும் என்பது பல வீடுகளில் எதிர்பார்ப்பு. தங்க நகையில் ஹால்மார்க் முத்திரையோடு 6 இலக்க ஹெச்.யு.ஐ.டி எண் இருக்கும். எழுத்தும் எண்ணும் கலந்த அந்தக் குறியீட்டை ‘பி.ஐ.எஸ் கேர்’ ஆப்பில் போட்டால் விவரம் வரும். ஆனால், 2 கிராமுக்குக் குறைவான நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. குட்டித் தோடு பெரும்பாலும் அந்த எடைக்குள்தான் வரும். அதனால், தெரிந்த கடையில் வாங்கி, எடையும் காரட்டும் பில்லில் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். கழன்று விழாத திருகு வைத்த தோடு நல்லது.

தங்கம் கட்டுப்படியாகவில்லையா? 10 வயசுக்கு உட்பட்ட பெண் குழந்தைக்கு அஞ்சலகத்திலோ வங்கியிலோ செல்வமகள் சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம். நிதியாண்டுக்குக் குறைந்தபட்சம் 250 ரூபாய், அதிகபட்சம் 1.5 லட்சம் ரூபாய். 15 வருஷம் கட்டணும். கணக்குத் தொடங்கியதிலிருந்து 21 வருஷத்தில் முதிர்வடையும். 18 வயசானதும் மேற்படிப்புக்காக ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளலாம். அப்பா, அம்மா அல்லது சட்டப்படியான காப்பாளர்தான் கணக்கைத் தொடங்க முடியும். நீங்கள் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அதற்கான பணத்தைக் கொடுக்கலாம்.

ஆனால், 6 வயசுக் குழந்தைக்குப் பாஸ்புக் புரியாது. எல்லாரும் கிஃப்ட் பிரிக்கும்போது அவள் கை காலியாக இருக்கக் கூடாது. கூடவே ஒரு சின்னப் பொருளையும் கொடுங்கள்.

பாக்கெட் காலியா? இதைச் செய்யலாம்!

இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கீங்க, இ.எம்.ஐ ஓடுது, இல்லை இன்னும் வேலையே கிடைக்கவில்லை. பரவாயில்லை. பணம் குறைவாக இருந்தாலும் நேரம் கொடுக்கலாம்.

‘ஒரு நாள் உனக்கு’ கூப்பன்: அழகாக ஓர் அட்டையில் எழுதிக் கொடுங்கள். சென்னை என்றால் கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கம், அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவு, எழும்பூர் அருங்காட்சியகம். மதுரை என்றால் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். தேதியையும் அட்டையிலேயே போட்டுடுங்க. தேதி போடாத கூப்பன் அரசியல் வாக்குறுதி மாதிரி ஆகிவிடும்.

புத்தகக் கண்காட்சிப் பணம்: சென்னைப் புத்தகக் கண்காட்சி வழக்கமாகப் பொங்கலை ஒட்டித்தான் நடக்கும். ஒரு கவரில் 300 ரூபாய் வைத்து, ‘இந்தப் பணத்துக்கு எந்தப் புத்தகம் வாங்கணும் என்று நீதான் முடிவு பண்ணணும்’ என்று எழுதுங்கள்.

பாட்டியின் ரெசிப்பி நோட்டு: அச்சு முறுக்கு, கேக், அதிரசம் என்று வீட்டில் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் பலகாரங்களைப் பாட்டி சொல்லச் சொல்ல எழுதி, ஓரத்தில் குடும்ப போட்டோக்களை ஒட்டுங்கள். பாட்டியின் கையெழுத்தில் ஒரு வரி வாங்கிடுங்க. இன்றைக்கு அவளுக்கு இதன் அருமை தெரியாது. பத்து வருஷம் கழித்து ஹாஸ்டல் அறையிலிருந்து உங்களுக்கு போன் வரும்.

ஆன்லைனில் ஆர்டர் போடுகிறவர்களுக்கு...

14 வயசுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ முத்திரை கட்டாயம் என்பது 2021 ஜனவரி 1 முதல் நடைமுறை. பெட்டியின் படத்தைப் பெரிதாக்கி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணையும் அதே ‘பி.ஐ.எஸ் கேர்’ ஆப்பில் சரிபார்க்கலாம். பதிவுபெற்ற கைவினைஞர்கள் செய்யும் பொம்மைகளுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் இதில் விலக்கு உண்டு. அதனால், கைவினைப் பொம்மையில் முத்திரை இல்லாவிட்டால் பதறாதீர்கள். விளிம்பு கூராக இருக்கிறதா, பெயின்ட் உரிகிறதா என்று நீங்களே தடவிப் பார்த்து வாங்குங்கள்.

டிசம்பர் 20-க்கு மேல் ஆர்டர் போட்டு டெலிவரிக்காரரைத் திட்டாதீங்க. பேட்டரி தேவைப்படும் பொருள் என்றால் பேட்டரியும் வாங்கிக்கோங்க. கிறிஸ்துமஸ் காலையில் பல கடைகள் திறந்திருக்காது.

கொடுக்கும்போது...

அக்கா தங்கை இருவருக்கும் ஒரே பொருள் கொடுக்கணும் என்று அவசியமில்லை. ஆனால் எண்ணிக்கையும் பெட்டியின் அளவும் ஓரளவு சமமாக இருக்கட்டும். சின்னக் குழந்தைகள் அதைத்தான் முதலில் எண்ணுவார்கள். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கொடுங்கள்.

‘மாமாவுக்கு முத்தம் குடு, அப்பதான் கிஃப்ட்’ என்று பேரம் பேசாதீர்கள். அவளாக வந்து கட்டிப்பிடித்தால் சந்தோஷம். இல்லையென்றால் ஒரு ‘தேங்க்ஸ்’ போதும்.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமானது. அண்ணனுக்கு இந்த வருஷம் வேலை போயிருக்கலாம். அக்கா வீட்டில் கடன் இருக்கலாம். மகள் ஆசையாகக் கேட்ட சைக்கிளை ‘அடுத்த வருஷம்’ என்று அப்பா தள்ளிப்போட்டிருக்கும்போது, நாம் அதை ஆரவாரமாகத் தூக்கிக்கொண்டு போய் இறக்கினால், குழந்தை குதிக்கும். ஒரு ஓரத்தில் அவள் அப்பா சிரிக்க முயற்சி செய்துகொண்டு நிற்பார். முன்கூட்டியே அவரிடம் தனியாகப் பேசுங்கள். முடிந்தால் பணத்தை அவரிடமே கொடுத்து, அவர் கையாலேயே வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். நிக்கோலஸ் ராத்திரியில், ஜன்னல் வழியாகப் போட்டார் என்று சொன்னேனே... அது இதற்காகத்தான்.

கடைசியாக, கிஃப்ட்டோடு கையால் எழுதின ஒரு சீட்டு வையுங்கள். ‘ஹேப்பி கிறிஸ்துமஸ்’ மட்டும் போதாது. இந்த வருஷம் அவள் செய்ததில் நீங்கள் கவனித்த ஒரு விஷயத்தை எழுதுங்கள். ‘கேரல் சர்வீஸில் நீ தனியாகப் பாடின வீடியோவை நாலு தடவை பார்த்தேன்’, ‘பல் விழுந்தப்போ நீ அழவே இல்லைன்னு அம்மா சொன்னாங்க’ இப்படி ஏதாவது. எழுத ஒண்ணுமே தோணவில்லையென்றால், அவளோடு பேசி ரொம்ப நாளாச்சு என்று அர்த்தம்.

அப்படியென்றால் ஷாப்பிங் ஆப்பை மூடிவிட்டு, முதலில் அண்ணிக்கு ஒரு போன் போடுங்கள். தோள் அளவு கேட்டுட்டு, ‘அவகிட்ட கொஞ்சம் போனைக் குடுங்க’ என்று சொல்லுங்கள்.